டேட்டா வேணுமா?

போன மாதம் பழைய புத்தகக் கடையில் ஒரு கணினிக் கலைச்சொல் கையேடு கிடைத்தது. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த வகை. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ், அகரவரிசை. முப்பது ரூபாய் கொடுத்து வாங்கி, ரயிலில் வரும்போதே வன்பொருள், சேமிப்பு, பழுது சம்பந்தப்பட்ட சொற்களை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தேன்.

இந்த மாதிரி நூல்களைக் கிண்டல் செய்வது சுலபம். நான் அதற்கு வரவில்லை. மணவை முஸ்தபா போன்றவர்கள் உட்கார்ந்து களஞ்சியம் தொகுத்த காலத்தில் வீட்டில் கணினி வைத்திருந்தவர்களே கொஞ்சம் பேர்தான். விசைப்பலகை, கோப்பு, திரை என்றெல்லாம் இன்றைக்கு யோசிக்காமல் எழுதுகிறோமே, அது அந்தத் தலைமுறை போட்ட சோறு. ஆனால் கலைச்சொல்லைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகக் கேட்கிற இரண்டு கேள்விகள் (தூய தமிழா? வாயில் நுழையுமா?) எனக்குப் போதவில்லை. மூன்றாவதாக ஒன்று கேட்கிறேன். பொருள் கெட்டுப்போய்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, பிரித்துச் சொல்ல வேண்டியதை இந்தச் சொல் பிரித்துச் சொல்கிறதா?

இந்தக் கணக்கில் சில சொற்கள் நன்றாகவே தேறுகின்றன. ஹார்ட் டிஸ்க்குக்கு வன்வட்டு, வன்தட்டு என்று இரண்டும் புழங்குகின்றன. என் ஓட்டு வன்தட்டுக்கு. உள்ளே திறந்து பார்த்தால் உண்மையிலேயே தட்டுகள்தான், ஒன்றின்மேல் ஒன்றாக. 1956-ல் ஐபிஎம் ராமாக் கணினியோடு வந்த முதல் வன்தட்டில் இரண்டடி அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து வைத்துக்கொண்டது 50 லட்சம் எழுத்துதான். இன்றைக்கு ஒரு போட்டோவுக்கே பத்தாது. அதே சமயம் எஸ்எஸ்டியையும் சிலர் ‘திண்மநிலை வட்டு’ என்று எழுதுகிறார்கள். அதற்குள் வட்டமாகச் சுழல எதுவுமே இல்லை, வெறும் சில்லுகள்.

நினைவகம், சேமிப்பகம் என்கிற ஜோடியும் அருமை. மின்சாரம் நின்றால் மறந்துபோவது நினைவகம், நின்றாலும் வைத்திருப்பது சேமிப்பகம். ஆங்கிலத்தைவிடத் தெளிவு. ஆனால் கையேட்டில் நாலு பக்கம் தள்ளிப் போனால் மெமரி கார்டுக்கு ‘நினைவக அட்டை’ என்று போட்டிருக்கிறது! அது சேமிக்கிற அட்டை. ஆங்கிலக்காரன் குழப்பியதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டோம். இதனால் என்ன நஷ்டம் என்றால், ‘போன் ஸ்லோவா இருக்கு, மெமரி கார்டு வாங்கிப் போடு’ என்று இன்றைக்கும் அறிவுரை சொல்கிறார்கள். கார்டு போட்டால் படம் வைக்க இடம் கூடும், ரேம் கூடாது. பாவம், காசு போனதுதான் மிச்சம். செயலியின் கதையும் தெரிந்ததுதான். அகராதியில் பிராசஸர், செய்தித்தாளில் ஆப். ‘செயலி பழுது’ என்று ஒருவர் எழுதினால் எதை மாற்றுவது?

நான் உண்மையிலேயே சண்டை போட விரும்புவது ஃபார்மட்டுக்குக் கொடுத்திருக்கிற சொல்லோடு: வடிவமைத்தல். வீட்டை வடிவமைக்கிறோம், அட்டைப்படத்தை வடிவமைக்கிறோம். கேட்கவே எவ்வளவு மங்களமாக இருக்கிறது! ‘வன்தட்டை வடிவமைக்கவா?’ என்று திரையில் கேட்டால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்கிற ஒரே ஒரு முக்கியமான சேதி அந்தச் சொல்லில் இல்லை. ஆங்கிலச் சொல்லிலும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதிதாகச் சொல் செய்கிறவனுக்கு அதைச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு இருந்தது. போதாக்குறைக்கு ஃபார்மட்டிலேயே இரண்டு விதம் உண்டு. க்விக் ஃபார்மட் பெயர்ப்பட்டியலை மட்டும் புதிதாக எழுதுகிறது. வன்தட்டில் பழைய கோப்புகள் பட்டியலில் இல்லாமல் அப்படியே கிடக்கும். முழு ஃபார்மட், விண்டோஸ் விஸ்டாவுக்கு அப்புறம், தட்டு முழுக்கச் சுழியத்தை எழுதிவிடுகிறது. முதலாவதில் மீட்க வழி இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. தமிழில் இந்த இரண்டுக்கும் ஏற்கெனவே வினைகள் இருக்கின்றன: நீக்குவது வேறு, அழிப்பது வேறு. வன்தட்டில் டெலீட் கொடுத்தால் நடப்பது நீக்கல். எஸ்எஸ்டியில் டெலீட் கொடுத்தால், ட்ரிம் என்கிற ஏற்பாட்டினால், பெரும்பாலும் அது கொஞ்ச நேரத்தில் அழிப்பாகவே முடிகிறது. கையேடு இரண்டையும் ஒரே வரியில், நடுவில் காற்புள்ளி வைத்து, ஒரே சொல்லுக்கு நேராகப் போட்டிருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் சர்வீஸ் கடை. அங்கே போய்க் கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்தால் நான் சொல்கிற மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியும். ‘சார்ஜ் ஏறல’ என்று ஒருவர் சொன்னால் கடைக்காரர் சார்ஜரை, பின்னை, போர்டைப் பார்க்கிறார். ‘சார்ஜ் நிக்கல’ என்றால் பேட்டரியைப் பார்க்கிறார். ஏறு, நில்: இரண்டு பழைய தமிழ் வினை, இரண்டு வெவ்வேறு பழுது. எந்தக் குழுவும் கூடி இதை முடிவு செய்யவில்லை. ‘ஆன் ஆகுது, டிஸ்ப்ளே வரல’ என்றால் முதல் வேலையாக ரேமைக் கழட்டி, அதன் பொன்னிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பப் போடுவார்கள். பல தடவை அதிலேயே சரியாகிவிடும். ‘ஹேங் ஆகுது’ வேறு, ‘ஆஃப் ஆகுது’ வேறு. பழுதைச் சொல்ல நமக்கு வேண்டியது வினைச்சொற்கள். என் கையேட்டில் நான் குறித்தவை முழுக்கப் பெயர்ச்சொற்கள்.

இப்படிச் சொல்வதால் கடைப் பேச்சே போதும் என்று நினைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கேயும் ஓட்டை இருக்கிறது. அதில் விழுந்தவன் நான்.

2014-ல் தாத்தாவை உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்தேன். கிட்டத்தட்ட 11 மணி நேரம். நாற்று, அறுப்பு, களம், நெல் அளவை பற்றி அவருக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம். மூன்று வருடத்தில் அவர் போய்விட்டார். பதிவுகள் கும்பகோணத்து வீட்டில் இருந்த பழைய லேப்டாப்பில், 500 ஜிபி வன்தட்டில். ஒரே பிரதி. அது என் தப்பு, அதை யார் தலையிலும் கட்டவில்லை.

2019-ல் அந்த லேப்டாப் ஆன் ஆகி, லோகோ வந்து, அங்கேயே நின்றது. நான் சென்னையில். அம்மாவுக்குப் போன் செய்து, ‘கடையில குடுத்து சரி பண்ணச் சொல்லும்மா’ என்றேன். சரி பண்ணு! யோசித்துப் பாருங்கள். இயந்திரத்தை ஓட வைப்பதும் சரி பண்ணுவதுதான், உள்ளே இருப்பதைக் காப்பாற்றுவதும் சரி பண்ணுவதுதான். நான் மனதில் வைத்தது இரண்டாவது. சொன்னது இரண்டும்.

கடையில் இருந்த பையன் நல்ல பையன். கேட்டுத்தான் செய்திருக்கிறான். ‘அம்மா, ஓஎஸ் போயிருக்கு, புதுசா போடணும். டேட்டா வேணுமாம்மா?’

அம்மா சொன்ன பதில்: ‘வேணாம் தம்பி, வீட்டுல வைஃபை இருக்கு.’

அம்மாவுக்கு டேட்டா என்றால் போனில் தீர்ந்துபோகிற அந்த ஒன்றரை ஜிபி. எனக்குத் தெரிந்து எல்லார் வீட்டிலும் அதுதான் அர்த்தம். அவன் தலையாட்டிவிட்டுப் பிரிவினைகளை எல்லாம் எடுத்துவிட்டு, சுத்தமாக விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டான். அறுநூறு ரூபாய். ‘சூப்பரா ஓடுதுடா’ என்று அம்மா போன் செய்தாள்.

தீபாவளிக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் நாலு மாதம் அந்த மெஷின் ஓடியிருக்கிறது. அப்டேட்டுகள், அம்மா இறக்கிய பாட்டுகள் எல்லாம் பழையதன் மேலேயே எழுதப்பட்டிருந்தன. வன்தட்டைக் கழட்டி இன்னொரு கணினியில் மாட்டி, போட்டோரெக் என்கிற இலவச மென்பொருளை ஓட விட்டேன். அது பெயர்ப்பட்டியலைப் பார்க்காமல், கோப்புகளின் தலைப்பகுதி அடையாளத்தை வைத்துத் தட்டு முழுக்கத் தேடும். அதனால் கிடைக்கிற எதற்கும் பழைய பெயர் இருக்காது, எண்தான். ஆயிரக்கணக்கான துண்டுகளில் தாத்தா குரல் இரண்டில் இருந்தது. மொத்தம் 40 நிமிடம். ஒன்றில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒண்ணு’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று எண்ணுவதைச் செய்து காட்டுகிறார். பதக்கு, கலம் என்று போய்க்கொண்டிருக்கும்போது பாதியில் அறுந்துவிடுகிறது.

கையேட்டில் டேட்டாவுக்குத் ‘தரவு’ என்று இருக்கிறது. சரியான சொல், நானும் கட்டுரைகளில் அதைத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்தப் பையன் ‘தரவு வேணுமாம்மா?’ என்று கேட்டிருந்தாலும் என் பதினோரு மணி நேரம் பிழைத்திருக்காது. ‘உள்ள இருக்கற போட்டோ, பேச்சு, பாட்டு எல்லாம் அழிஞ்சிடும், பரவால்லியா?’ என்று கேட்டிருந்தால் பிழைத்திருக்கும். அதில் கலைச்சொல் ஒன்றுகூட இல்லை. தமிழில் கலைச்சொல் செய்கிறவர்கள் (நானும் அதில் சின்னதாக ஒரு ஆள்தான்) ஒரு சொல்லுக்கு நேராக ஒரு சொல் என்று பட்டியல் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம். கடைக்காரர் என்ன கேட்க வேண்டும், கொண்டுவருகிறவர் என்ன சொல்ல வேண்டும் என்று அந்த வாக்கியத்தை எழுதிப் பார்ப்பதில்லை. எழுதிப் பார்த்திருந்தால் ‘வடிவமைத்தல்’ அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கும்.

இப்போதெல்லாம் எதையாவது சர்வீஸுக்குக் கொடுத்தால் மூடியின் மேல் ஒரு காகிதம் ஒட்டிக் கொடுக்கிறேன்: ‘உள்ளே இருக்கும் எதையும் அழிக்கக் கூடாது. ஃபார்மட் போடுவதாக இருந்தால் எனக்குப் போன் செய்துவிட்டுப் போடவும்.’ சென்ற வாரம் வடபழனிப் பக்கம் ஒரு கடையில் அந்த அண்ணன் அதை நிதானமாகப் படித்தார். நிமிர்ந்து, ‘அப்ப டேட்டா வேணும்ங்கறீங்க’ என்றார்.

‘ஆமாண்ணே’ என்றேன்.