முன்னேற்ற அறிக்கையை வாசிப்பது

அறிக்கையை எழுதுவது யார் என்ற கேள்வி புதுக்கோட்டை மாவட்டத்துத் தலித்துகளுக்குப் புதிதல்ல. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றம் சாட்டியது அந்தத் தண்ணியைக் குடிச்ச மக்களிலேயே மூன்று பேரை. மக்கள் அதை ஏற்கவில்லை. அதிகாரம் எழுதும் எதையும் ஒரு பிரதியாக வைத்து வாசிக்க வேண்டியிருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வாளரின் முன்னேற்ற அறிக்கையையும் அப்படித்தான் வாசிக்கிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி ஆய்வாளர் ஒவ்வொரு பருவமும் ஆய்வு ஆலோசனைக் குழுமுன் நின்று தன் பணியைச் சொல்லவேண்டும். சுருக்க அறிக்கையும் தரவேண்டும். முன்னேற்றம் சரியில்லை என்று குழு கருதினால், திருத்தச் சொல்லும். திருத்தாவிட்டால் பதிவையே நீக்கப் பரிந்துரைக்கலாம். அந்தக் குழுவைக் கூட்டுபவர் யார்? அதே நெறியாளர்தான்.

இந்தப் பிரதியில் எழுவாய் எப்போதும் மாணவர். செய்தார், செய்யவில்லை, வந்தார், வரவில்லை. நெறியாளர் எத்தனை தடவை சந்தித்தார், கொடுத்த இயலை எத்தனை மாசம் மேசையில் போட்டு வைத்தார் என்பதற்கு, நான் பார்த்த படிவங்களில் ஒரு கட்டம்கூட இல்லை. 'சாதி' என்ற சொல்லும் இருக்காது. 'மந்தம்', 'மொழி போதாது', 'ஈடுபாடு இல்லை' என்ற சொற்கள் அதன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

நெறியாளரே இல்லாவிட்டால்? சேலம் மாவட்டத்திலிருந்து, பன்னியாண்டிச் சாதியிலிருந்து, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போனவர் செந்தில்குமார். 2008 பிப்ரவரியில் விடுதியில் இறந்துகிடந்தார். அதுவரை அவருக்கு நெறியாளர் ஒதுக்கப்படவில்லை. வினோத் பவராலா தலைமையிலான விசாரணைக் குழு, நெறியாளர் ஒதுக்கும் முறையில் தெளிவில்லை என்று எழுதியது. அந்தத் துறை தங்களுக்கு எதிராக நடக்கிறது என்ற தலித், பழங்குடி மாணவர்களின் உணர்வையும் பதிவு செய்தது. துறையைப் பற்றி ஒரு அறிக்கை எழுத ஒரு உயிர் போக வேண்டியிருந்தது.

அப்படியானால் அறிக்கையே வேண்டாமா? வேண்டும். எழுத்து இல்லாத இடத்தில் 'சார்' வாய்ச்சொல்தான் சட்டம். அம்பேத்கரின் 'ரூபாயின் பிரச்சினை' 1923இல் நூலானபோது, அவரது பேராசிரியர் எட்வின் கேனன் அதற்கு முன்னுரை எழுதினார். நூலின் வாதங்கள் பலவற்றில் தனக்கு உடன்பாடில்லை என்று அதிலேயே சொன்னார். காரணத்தைச் சொல்லி, பெயரைப் போட்டு மறுப்பது வேறு. 'திருப்தி இல்லை' என்று ஒரு சொல்லில் ஒருத்தரை முடிப்பது வேறு.

தோழர்களே, இதே விதிகளில் நமக்கும் பிடிமானம் உண்டு. சரியில்லை என்றால் குழு காரணத்தைப் பதிவு செய்யவேண்டும், திருத்தும் வழியையும் சொல்லவேண்டும். பரிந்துரையின் நகலை ஆய்வாளருக்குத் தரவேண்டும். கேட்டு வாங்குங்க. சுருக்க அறிக்கையை எழுதுவது நாம்தான். இயலைக் கொடுத்த தேதி, அது திரும்பி வந்த தேதி, சந்திக்கப் போய்க் காத்திருந்த நாள் எல்லாவற்றையும் அதில் எழுதுங்க. தனியாக எழுதினால் பழிவாங்குவார்கள் என்ற பயம் நியாயமானது. அதனால் ஒரு துறையின் ஆய்வாளர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே பருவத்தில் எழுதவேண்டும். நெறியாளருக்கும் ஒரு கட்டம் போட்ட படிவம் வரும்வரை அந்தக் கட்டத்தை நாமே வரைவோம்.