கணித அச்சமும் மனப்பாங்குக் கோட்பாடும்: மலையகத்திலிருந்து ஒரு நோக்கு

ஆற்றல் பிறவியோடு முடிந்துவிட்ட பொருளன்று. முயற்சியாலும் வழிகாட்டலாலும் அது வளரும். அமெரிக்க உளவியலாளர் கரோல் டுவெக் 2006இல் வெளியிட்ட நூலின் சாரம் இதுவே. தோட்டத்துப் பிள்ளைக்குக் கணக்கு ஏறாது என்னும் பழைய தீர்ப்பை மறுப்பதற்கு மஸ்கெலியா போன்ற பிரதேசங்களில் இக்கோட்பாடு பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆயின், அதனை இங்கு எடுத்தாள்வோர் அச்சத்தின் வேரை மாணவனின் மனத்துள் மாத்திரமே தேடுகின்றனர்.

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது எழுபதுகளிலேதான். க. பொ. த. சாதாரண தரத்தில் கணிதச் சித்தியோ உயர்தரத்திற்குரிய பிரதான வாயில். அதில் தவறுபவன் முன்னே கொழும்புக் கடையும் தேயிலை மலையுமே எஞ்சுகின்றன எனின், அவன் அச்சத்தை வெறும் மனக்கோளாறு என ஒதுக்கலாமா?

விந்தை யாதெனில், கொழுந்து நிறுக்கையில் ஈரத்துக்கெனக் கழிக்கப்படும் கிலோக்களையும் சம்பளத்தில் வெட்டப்படும் தொகைகளையும் மனக்கணக்காகவே சரிபார்க்கும் தாயின் பிள்ளைதான் கரும்பலகை முன் நடுங்குகிறது. வகுப்பறை அக்கணக்கைக் கணிதமாக மதிப்பதில்லை.

2019இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வொன்று, அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவரிடையே இப்பயிற்சியைச் சோதித்தது. பின்தங்கிய மாணவரின் சராசரித் தரப்புள்ளி 0.1 அளவிலேயே உயர்ந்தது. அதுவும் சகமாணவர் சூழல் துணைநின்ற பாடசாலைகளிலேயே கூடுதலாக. ஆசிரியர் இரு வருடங்களில் மும்முறை மாறிய ஒரு பத்தாம் வகுப்பின் சுவரில் 'முயன்றால் முடியும்' என எழுதிவைப்பதை அப்பயிற்சியின் பிரதியாகக் கொள்வதற்கில்லை.