மூசிக் கரையில் ஒரு காவிரி நூல்

ஒரு நாட்டை அறிவதற்குத் தமிழர் கண்ட பழைய வழி, அதனை நடந்து அறிதல். பத்துப்பாட்டில் செம்பாதி ஆற்றுப்படை நூல்களே. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞனுக்கு வழி கூறுகின்றான். எந்த நிலத்தில் எவர் வாழ்வர், விருந்தினர்க்கு என்ன உணவு தருவர் என்பவை அங்கே முறைப்பட வருகின்றன. சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் வழியே நல்லியக்கோடனிடம் நம்மை அழைத்துச் செல்கிறது. 'ஆறு' என்ற ஒரு சொல்லே நதியையும் வழியையும் குறிப்பது நம் மொழியின் பேறு.

இம்மரபில் வந்த நூலாகவே 1971-இல் வெளியான 'நடந்தாய் வாழி காவேரி'யை நான் கருதுகின்றேன். வானொலியில் பணியாற்றிய எழுத்தாளர்களான சிட்டியும் தி. ஜானகிராமனும் இணைந்து எழுதியது. தலைப்பு இளங்கோவடிகளின் கானல்வரி தந்த கொடை. குடகின் தலைக்காவேரி முதல் பூம்புகார் வரை காவிரியைத் தேடிச் சென்ற பயணத்தின் பதிவு இது. இருவர் எழுதியதாயினும் குரல் ஒன்றாகவே ஒலிக்கிறது.

பயண நூலுக்கு நிலம், வரலாறு, புராணம் என மூன்று இழைகள் உண்டு. நிலத்தை மட்டும் கூறினால் புவியியல் பாடமாகும். வரலாறு மட்டுமாயின் ஆண்டுப் பட்டியலாகும். புராணம் மட்டுமாயின் தலபுராணமாகும். மூன்றையும் பின்னுதல் வேண்டும்; பின்னும்போது எந்த இழை எது என்பது மறையாதிருத்தலும் வேண்டும். இதற்கு இலக்கணம் வகுத்தவர் இளங்கோவடிகளே. காடுகாண் காதையில் மதுரைக்குரிய மூன்று வழிகளை மாங்காட்டு மறையோன் விளக்குகின்றான். இடப்புறத்துத் திருமால் குன்றத்தில் உள்ள மூன்று பொய்கைகள் அரும்பயன்களைத் தரும் என்கின்றான். கவுந்தியடிகளோ, அப்பயன்களுக்காக அங்கே செல்ல வேண்டுவதில்லை என மறுக்கின்றார். இளங்கோ புராணத்தை நீக்கவுமில்லை. அதுவே முடிந்த முடிபு என்று நம்மேல் சுமத்தவுமில்லை.

காவிரியின் பிறப்புக் கதைகளையும் இக்கண்கொண்டு காணவேண்டும். அகத்தியன் கரகம் கவிழ்ந்து பெருகியவள் காவிரி என்று மணிமேகலைப் பதிகம் கூறும். காந்தமன் என்னும் சோழன் வேண்டுகோளால் அது நிகழ்ந்ததாம். குடகு நாட்டாருக்கோ அவள் கவேர முனிவரின் மகள், அகத்தியரின் மனைவி, அவர்களுடைய குலதெய்வம். கீழ்க்கரையில் மன்னன் வேண்டிப் பெற்ற வளம், மேல்கரையில் வீட்டுப் பெண்ணாகிவிடுகிறது. ஆற்றை எதிர்த்து மேலேறிச் சென்றாலன்றி இவ்வேறுபாடு புலப்படாது. நூலின் முதன்மைச் சிறப்பு இதுவே என்பேன். தஞ்சை மண்ணின் மகனான ஜானகிராமன், தம் ஆற்றின் பிறப்பிடத்தைக் காணப் பிறர் மண்ணுக்கு விருந்தினராய்ச் செல்லவேண்டியிருந்தது.

குறையும் ஒன்று உண்டு. தலைப்பில் நடப்பவள் காவேரி மட்டுமே; ஆசிரியர்கள் சென்றது காரில். காரில் செல்பவர் ஊர்களைக் காண்பர். ஊருக்கும் ஊருக்கும் இடைப்பட்டதைக் காண்பவர் நடப்பவரே. கோவலனும் கண்ணகியும் கால் நோவ நடந்ததனால்தான், காவிரி நாட்டு உழவரின் பாட்டோசை அக்காப்பியத்தில் நம் செவியில் விழுகிறது. ஆயினும் ஆயிரம் பேர் புகழ்ந்த ஆற்றை இருவர் நேரில் சென்று பார்த்தனர் என்பதன் பெருமையை இக்குறை அழித்துவிடாது.

அமீர்பேட்டில் உள்ள எங்கள் இல்லத்தில் ஞாயிறுதோறும் இந்நூலைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒருநாள் என் மகள், "நம் ஆற்றுக்கு இப்படி ஒரு புத்தகம் இல்லையா அப்பா?" என்றாள். "இதுவே நம் ஆறுதானே அம்மா" என்றேன். "நான் மூசியைக் கேட்டேன்" என்றாள். விடை கூற இயலவில்லை. இருபது ஆண்டுகளாக மூக்கைப் பொத்திக்கொண்டு அந்நதியைக் கடந்தவன் நான்.

அடுத்த ஞாயிறன்று புரானாபூலிலிருந்து உஸ்மானியா மருத்துவமனை வரை நடந்தோம். மூன்று இழைகளும் அங்கே கிடந்தன. புரானாபூல் 1578-இல் கட்டப்பெற்றது. பாக்மதியைக் காண இளவரசன் முகம்மது குலி வெள்ளத்தில் பாய்ந்தான். அஞ்சிய தந்தை பாலம் அமைத்தார் என்பது கதை. அப்போது இளவரசனுக்கு வயது பன்னிரண்டு அல்லது பதின்மூன்று. கதை இனிது, கணக்கு இடம் தரவில்லை! மருத்துவமனை வளாகத்திலோ ஒரு புளியமரம் நிற்கிறது. 28-9-1908 அன்று பல்லாயிரவரைக் கொண்டுபோன பெருவெள்ளத்தில் நூற்றைம்பது பேரைத் தன் கிளைகளில் தாங்கிக் காத்ததாகக் கூறுவர். அவ்வெள்ளத்திற்குப்பின் நகரைக் காக்க அழைக்கப்பெற்றவர் விசுவேசுவரய்யா. அதன்வழி உஸ்மான்சாகரும் (1920) இமாயத்சாகரும் (1927) எழுந்தன. காவிரியில் கிருஷ்ணராஜசாகரம் எழக் காரணமானவரும் அவரே. ஒரே மனிதரின் அறிவு இரண்டு ஆறுகளையும் தொட்டிருக்கிறது.

மூசியின் பழம்பெயர் முசுகுந்த நதி என்பர். அனந்தகிரிக் குகையில் உறங்கிய முசுகுந்தர், கண்ணன் திருவடியைக் கழுவிய நீரே இந்நதி என்பது இங்குள்ள புராணம். திருவாரூருக்குத் தியாகேசரைக் கொணர்ந்த முசுகுந்தச் சக்கரவர்த்தியைக் காவிரிக் கரையார் அறிவர். பெயரொற்றுமை கொண்டு உறவு நாட்டுவது ஆராய்ச்சியாகாது. ஆனால் பிள்ளையின் கையைப் பிடித்து நடக்கையில் சொல்லத் தக்க கதை அது. 'கதை' என்று சொல்லியே சொன்னேன்.

பிழைப்பைத் தேடி வந்த நாம், காவிரியை நினைவிலும் மூசியைப் பாலத்துக்கு அடியிலும் வைத்துவிட்டோம். நம் பிள்ளைகளுக்கு முன்னது கேள்விப்பட்ட ஆறு. பின்னது கேளாத ஆறு. காவிரிக்கு அவ்விருவர் செய்ததை மூசிக்கு ஒரு தமிழர் செய்யலாகாதா? நூல் பின்னர் எழலாம். முதற்கண் நம் சங்கத்துக் குடும்பங்கள், பிள்ளைகளுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை புரானாபூலில் கூடட்டும். அங்கிருந்து நடப்போம்.