வேதமும் மரபும்: கடைசித் தீர்ப்பு யாருடையது?

‘சீர்திருத்த சபையாருக்கு வேதம் மட்டும், கத்தோலிக்கருக்கு வேதத்தோடு மரபும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அது பாதிதான் சரி.

1519 ஜூலையில் லைப்சிக் நகரக் கோட்டையில் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரோடு வாதாடினார் கத்தோலிக்க இறையியலாளர் யோவான் எக். மனிதர் கெட்டிக்காரர். திருச்சபை கண்டனம் செய்த போஹேமியப் போதகர் யான் ஹுஸின் கூற்றுகளில் சில நற்செய்திக்கு இசைந்தவையே என்று லூத்தரைச் சொல்ல வைத்தார். அப்படியானால் 1415இல் ஹுஸைத் தீக்கு அனுப்பிய கொன்ஸ்தான்ஸ் பொதுச்சங்கம் தவறியது என்றாகிறதே! அடுத்து உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிய வாதம். இறந்தோருக்காகப் பலி ஒப்புக்கொடுத்த செய்தியை மக்கபேயர் இரண்டாம் நூலிலிருந்து எடுத்துக் காட்டினார் எக். அந்நூல் திருமுறையில் சேராதது, ஆதாரமாகாது என்றார் லூத்தர். திருச்சபை ஏற்ற நூல் என்றார் எக். எவையெல்லாம் வேதம் என்னும் பட்டியல் வேதத்துக்குள்ளே இல்லை. அந்த ஒரு கேள்வியில் எக்கின் கைதான் ஓங்கியிருந்தது என்பேன்.

1546 ஏப்ரல் 8 அன்று திரெந்துப் பொதுச்சங்கம் மக்கபேயர் உள்ளிட்ட நூல்களைத் திருமுறையில் உறுதிப்படுத்தியது. கத்தோலிக்கருக்கு 73 நூல்கள், சீர்திருத்த சபையாருக்கு 66 என்ற கணக்கு இதை ஒட்டியதே. தமிழில் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் கூடுதலான அந்நூல்களை ‘இணைத் திருமுறை’ என்று தனியே வைத்திருக்கிறது. வேதத்தையும், அப்போஸ்தலர் வழிவந்த எழுதப்படாத மரபுகளையும் சம பக்தியோடு ஏற்க வேண்டும் என்றும் திரெந்துச் சங்கம் விதித்தது. அம்மரபுகள் எவையெவை என்று மட்டும் பட்டியலிடவில்லை!

மறுபக்கமும் ஒரே குரலில் பேசவில்லை. வேதம் விலக்காத பழைய வழக்கங்களை லூத்தரன் சபை வைத்துக்கொண்டது. சூரிச்சில் சீர்திருத்தப் போதகர் ஸ்விங்லியின் தரப்பு ஆலயச் சுரூபங்களை அகற்றியது. அதே சூரிச்சில், குழந்தை ஞானஸ்நானத்துக்கு வேத ஆதாரம் இல்லை என்று அவருடைய தோழர்களே எதிர்த்தார்கள். இரு தரப்பார் கையிலும் ஒரே வேதம். தீர்ப்புச் சொன்னது நகரசபை. 1527 ஜனவரியில் அந்த எதிர்ப்பாளர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்தது. ‘வேதம் மட்டும்’ என்ற கொள்கைக்கும் ஒரு நடுவர் தேவைப்பட்டார். அவர் போதகராகக்கூட இல்லை.

1950இல் மரியாளின் விண்ணேற்பைத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் விசுவாசக் கோட்பாடாக அறிவித்தபோது, ‘வசனம் எங்கே?’ என்ற கேள்வி மறுபடி எழுந்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறங்கிவந்து பேசியது: வேதமும் மரபும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை, திருச்சபையின் ஆசிரியம் (போதிக்கும் அதிகாரம்) இறைவார்த்தைக்கு மேலானது அல்ல, அதற்கு ஊழியம் செய்வது. ஆனால் அதிகாரபூர்வமாக விளக்கம் சொல்லும் உரிமையை அந்த ஆசிரியத்திடமே வைத்துக்கொண்டது.