ஒருவன் ஆடும் இருவர் ஆடல்

நடனத்தைப் படம் பிடிப்பது வேறு. படத்திற்கென்றே நடனத்தை ஆக்குவது வேறு. இதனை உணராமையால், அரங்கின் முன் படப்பெட்டியை நிறுத்தி, ஆட்டம் முடியும்வரை ஓடவிட்டு, அதனையே நடனப்படம் என்று அழைத்து வருகிறோம். அங்ஙனம் எடுக்கப்பட்டவை பிற்காலத்தார்க்குச் சான்றாகும், தனிக்கலை ஆகா. ஐயமுடையோர் மாயா டெரன் 1945-ஆம் ஆண்டில் ஆக்கிய ‘படப்பெட்டிக்கான ஆடலமைப்பு: ஓர் ஆய்வு’ என்னும் குறும்படத்தைக் காண்பாராக. நான்கு நிமிடத்திற்குள் முடிந்துவிடுவது, கறுப்பு வெள்ளைப் படம், இசையுமில்லை, பேச்சுமில்லை.

டெரன் 1917-இல் கீவ் நகரிற் பிறந்து, சிறு பருவத்திலேயே பெற்றோருடன் அமெரிக்காவிற் குடியேறியவர். ஆடுபவர் டாலி பீட்டி என்னும் கறுப்பினக் கலைஞர்; கேதரின் டன்ஹாம் அம்மையாரின் நடனக் குழுவிற் பயின்றவர். டெரனும் அவ்வம்மையாரிடம் செயலாளராக இருந்தவரே.

வெண்பட்டை மரங்கள் நிறைந்த ஒரு காட்டிற் படம் தொடங்குகிறது. படப்பெட்டி நின்ற இடத்திலேயே மெல்லச் சுழல்கிறது. மரங்களுக்கிடையே ஓர் ஆடவன் அசைகின்றான். படப்பெட்டி அவனைக் கடந்து செல்கிறது; சற்றுத் தொலைவில் அவனே மீண்டும் நிற்கின்றான்; பின்னும் ஓரிடத்தில் மீண்டும் அவனே. அவன் ஓடி வந்ததை நாம் காணவில்லை. படப்பெட்டியை நிறுத்தி, அவனை இடம் மாற்றி, மறுபடி ஓட்டிச் செய்த வேலை இது. ஆயினும், பார்ப்பவர்க்குக் காடே அவனை ஒவ்வொரு மரத்தின் அருகிலும் பிறப்பிப்பது போலத் தோன்றுகிறது. பின்னர் அவன் காட்டில் ஒரு காலைத் தூக்குகின்றான். அக்கால் ஒரு வீட்டின் அறைக்குள் ஊன்றுகிறது! அசைவு அறவில்லை, இடம் மட்டும் மாறிவிட்டது. அறைப்பகுதி விரைவிற் கழிகிறது. அதிற் சொல்லத்தக்கது அதிகமில்லை.

அடுத்து நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் எகிப்திய மண்டபம். பல முகங்கொண்ட ஒரு கீழ்த்திசைச் சிலையின் முன் அவன் சுழல்கின்றான். மெதுவாகத் தொடங்கிய சுழற்சி, படப்பெட்டியின் வேகத்தைச் சிறிது சிறிதாக மாற்றியமையால், உடலால் இயலாத விரைவை அடைகிறது. அவன் தலையும் பல முகமாகின்றது. கண்ணாற் காணும் சிலேடை எனலாம். சொற்சிலேடையிற் போலவே இங்கும் திறமை சற்று மிகுதியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது என்பது என் கருத்து.

இறுதியில் ஒரு பாய்ச்சல். மேலெழுவதும், வானில் மிதப்பதும், இறங்குவதும் தனித்தனியே எடுக்கப்பட்டு ஒன்றாகத் தைக்கப்பட்டுள்ளன. மனிதன் பாயக்கூடிய நேரத்தினும் நெடுநேரம் அவன் மண்ணைத் தொடுவதில்லை. முடிவில், நீர்ப்பரப்பை நோக்கிய உயர்ந்த வெளியில், அரைமண்டிபோல் முழங்கால்களை அகல மடித்து வந்து ஊன்றுகின்றான்.

முகத்தில் மெய்ப்பாடு எங்கே, கையில் முத்திரை எங்கே என்று நம்மவர் வினவுவர். அவ்வினாவை இங்குக் கேட்பது பொருந்தாது. நிலமும் உணர்வும் ஒன்றியிருத்தலின் இது நம் திணைக் கோட்பாடே எனச் சாதிக்கவும் சிலர் முற்படுவர். அதற்கும் யான் உடன்படேன். திணையில் நிலத்திற்கேற்ற உரிப்பொருள் உண்டு. இப்படத்திலோ காடும் அறையும் மண்டபமும் ஓர் அசைவின் படிகளேயன்றிப் பிறிதில்லை.

எனினும் ஒரு வினா நியாயமானது. இம்மனிதன் தனியன்; மனிதனோடு மனிதனுக்குள்ள உறவு இதில் எங்கே? ஆடுவோனும் அவன் நிற்கும் வெளியும் சேர்ந்தாடும் இருவர் ஆடல் என்பது டெரன் தந்த விளக்கம். அவ்விளக்கம் சரியே, ஆனால் முழுமையன்று. இரண்டாவது ஆடுபவர் டெரனே. அவர் படப்பெட்டி திரும்பும் கணத்தைப் பீட்டியின் உடல் அறிந்திருக்கிறது. பீட்டியின் கால் எங்கு ஊன்றும் என்பதை அப்பெட்டி அறிந்திருக்கிறது. படத்தின் முகப்பில் இருவர் பெயரும் ஆக்கியோர் பெயராகவே நிற்கின்றன. ஆடுபவனை வெறுங்கருவியாகக் கொள்ளும் வழக்கத்திற்கு இது மாறானது.

காலத்தையும் எண்ண வேண்டும். 1945-இல் அமெரிக்கத் தென்மாநிலங்களிற் கறுப்பர் எங்கு அமரலாம், எங்கு உண்ணலாம் என்பதைச் சட்டம் வரையறுத்தது; பொதுவிடங்களில் அப்பிரிவினையைத் தடைசெய்த சட்டம் 1964-இலேதான் வந்தது. நியூயார்க்கில் அத்தகைய சட்டம் இல்லையெனினும், காட்டிலிருந்து அறைக்கும், அறையிலிருந்து பெருமண்டபத்திற்கும் கதவு தட்டாமல் ஒரு கறுப்பன் நடந்து செல்லும் காட்சி அந்நாளிற் சிறிதன்று. படம் அதனைப் பற்றி ஒரு குறிப்பும் தரவில்லை. பீட்டியே 1947-இல் ‘தென்னாட்டு நிலக்காட்சி’ என்னும் நடனத்தை அமைத்தார். உள்நாட்டுப் போருக்குப் பின் தம் இனத்தார்மீது நிகழ்ந்த கொடுமையே அதன் பொருள். அங்கே நிலம் துயரத்தின் களம். அதனை அறிந்தபின் இக்காட்டைக் காண்போர்க்கு, அந்த நீண்ட பாய்ச்சல் வெறும் தந்திரமாகத் தோன்றாது.

மறுவருடம், 1946-இல், டெரன் ஆக்கிய ‘உருமாறிய காலத்தில் ஒரு சடங்கு’ என்னும் படத்தில் மனிதர் பலர் வருகின்றனர். ஒரு விருந்தில் கைகுலுக்கியும் தழுவியும் உடனே விலகியும் செல்லும் அவர்தம் அசைவுகளே நடனமாகின்றன. யாரும் யாரோடும் நிற்பதில்லை. முடிவில் ஒரு பெண் நீருள் அமிழ்கின்றாள். பொருளாற் பெரியது அப்படம். அமைப்பால் நிறைவுடையது முன்னதே.

மாணவர்க்குக் காட்ட விரும்பும் ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். பின்னாளில் இசை சேர்த்த படிகள் கிடைத்தால், ஒலியை நிறுத்திவிட்டுக் காட்டுக. தாளம் அசைவிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து கொட்டும் தாளம் அதனைக் கெடுத்துவிடும்.