திணைக் கோட்பாடும் நிலப்பயன்பாட்டுப் பாடமும்: சரோஜினி நகரை முன்வைத்து

முன்னுரை

உச்சநீதிமன்றம் 1991இலும் 2003இலும் பிறப்பித்த ஆணைகளின் விளைவாகச் சுற்றுச்சூழற் கல்வி இந்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலை மாணவர் அனைவர்க்கும் கட்டாயப் பாடமாயிற்று. அதற்கான ஆறுமாதப் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்தளித்தது. இப்பாடத்தையும் புவியியல் துறையின் நிலப்பயன்பாட்டுப் பாடத்தையும் தமிழோடு இணைக்க முனைவோர், திணைப் பகுப்பைப் பண்டைத் தமிழரின் நிலப்பயன்பாட்டு வகைப்பாடாக எடுத்துக்காட்டுவது வழக்கமாகியுள்ளது. மலை, காடு, வயல், கடற்கரை, வறண்ட நிலம் என ஐந்து கட்டங்கள் கொண்ட அட்டவணையாகவே திணை வகுப்பறைக்குள் நுழைகிறது. இவ்வட்டவணை தொல்காப்பியத்தோடும் பொருந்தவில்லை. மாணவர் வாழும் நிலத்தை அறியவும் துணைசெய்யவில்லை. இதனைத் தில்லிச் சரோஜினி நகரைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

அட்டவணையின் குறை

தொல்காப்பியர் நிலத்தை நான்காகவே பகுத்தார். நடுவணதாகிய பாலைக்கு நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை வடிவு கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அவ்வாறாயின் பாலை என்பது நிலவகையன்று, நிலத்திற்கு நேரும் நிலைமையாகும். அதனை ஐந்தாம் கட்டத்துள் அடைக்கும்போது, சுற்றுச்சூழற் பாடத்திற்கு மிகவும் வேண்டப்படும் 'திரிபு' என்னும் கருத்தே மறைந்துபோகிறது.

திணை அகப்பாடலின் பொருளிலக்கணம் என்பதும் மறக்கத்தக்கதன்று. முதல், கரு, உரி என்னும் மூன்றும் ஒன்றோடொன்று கொள்ளும் உறவிலேயே அது நிற்கிறது. தனிநாயகம் அடிகள் அதனைக் கவிதையின் இயற்கைப் பின்புலமாகக் கண்டார். கா. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட ஆய்வில் சமூக வளர்ச்சியின் சமமின்மையோடு பொருத்திக் கண்டார். நோக்கால் வேறுபட்ட இவ்விருவரும் திணையை வெறும் பெயர்ப்பட்டியலாகக் கொள்ளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

சரோஜினி நகர் தரும் சான்று

முன்னர் விநய் நகர் எனப்பட்ட சரோஜினி நகர், அரசு ஊழியர் குடியிருப்பாக உருவானது. தமிழ்க் குடும்பங்கள் பலவும் அலுவல் கருதி இங்குக் குடியேறின. இங்குள்ள விநாயகர் கோயில் அவர்தம் வழிபாட்டிடமாயிற்று. இந்நிலத்தை மருதம் என்பதா முல்லை என்பதா என்று வினவினால் மாணவரிடம் விடையிராது. மாறாக, இந்நிலத்தின் கருப்பொருள்கள் எவை, அவை ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்துள்ளன என வினவினால் பாடம் தொடங்கிவிடும்.

2016 ஜூலையில் மைய அமைச்சரவை, சரோஜினி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளின் மறுசீரமைப்பிற்கு இசைவளித்தது. 12,970 வீடுகளை நீக்கி ஏறத்தாழ 25,667 வீடுகள் கட்டுவது திட்டம். மரங்கள் பெருமளவில் வெட்டப்படவிருந்தமையால் மக்கள் எதிர்ப்பு எழுந்தது. 2018இல் தில்லி உயர்நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குத் தடை விதித்தது. ஒரு மரத்திற்குப் பத்துக் கன்றுகள் பிறிதோரிடத்தில் நடப்படும் என்பதே வெட்டுதலுக்குக் கூறப்பட்ட ஈடு. எண்ணிக்கையை மட்டும் நோக்கும் அட்டவணையில் இது ஒன்றுக்குப் பத்தாகிய ஆதாயமாகும். தொல்காப்பியத்திலோ மரம் தனித்து நிற்பதில்லை. தெய்வம், உணா, மா, புள், பறை, செய்தி, யாழ் ஆகியவற்றோடு ஒரே நிரலில் வைத்து எண்ணப்படுகிறது. அந்நிரலின்படி நோக்கினால், கன்றுகளைப் பிறிதோரிடத்தில் நடலாமேயன்றி, வெட்டுண்ட மரத்தின் புள்ளையும் அதன் நிழலில் நடந்த தொழிலையும் பெயர்த்துச் செல்லல் இயலாது.

நீரின் நிலையும் இத்தகையதே. நம்பியகப்பொருள் நீரையும் ஊரையும் கருப்பொருளுள் வெளிப்படையாகச் சேர்த்துரைக்கிறது. தென்தில்லியின் மழைநீரைக் கொண்டுசெல்லும் குஷக் நாலா, பாராபுல்லா வடிகாலின் வழியே யமுனையை அடைகிறது. ஜஹாங்கீர் காலத்தில் அந்நீரோட்டத்தின் மேல் பாலம் ஒன்று எழுப்ப வேண்டியிருந்தது. இன்று மக்கள் அதனைச் சாக்கடை என்றே அறிவர். சரோஜினி நகரை அடுத்துள்ள தில்லி ஹாட் அங்காடி 1994இல் மூடப்பட்ட வடிகால் ஒன்றின் மேல் அமைக்கப்பட்டதாகும். ஓடை வடிகாலாகி, வடிகால் தரையாகிய இம்மாற்றத்தை நிலப்பயன்பாட்டு வரைபடம் 'வணிகப் பகுதி' என்னும் ஒரு நிறத்தால் குறித்து முடித்துவிடும். திணைநெறி பயின்றவர் இதனைத் 'திரிபு' எனக் கண்டு, திரிந்தது எது, திரித்தது எது என வினவுவர். 2023 ஜூலை 13இல் யமுனை தில்லியில் 208.66 மீட்டர் உயர்ந்து, 1978இன் 207.49 மீட்டரைக் கடந்தது. ஆற்றையும் அதனைச் சேரும் நீர்வழிகளையும் தனித்தனிக் கட்டங்களாகக் கற்பிப்பது போதாது என்பதற்கு இவ்வெள்ளமும் சான்றாகும்.

முடிவுரை

தொடக்கநிலை மாணவர்க்கு அட்டவணை எளிது என வாதிடலாம். அதில் உண்மையும் உண்டு. எனினும் அவ்வெளிமை, முன்னோர் பெருமையை மனப்பாடம் செய்விப்பதோடு நின்றுவிடுகிறது. திணையின் ஐந்து பெயர்களை எழுதுக என்னும் தேர்வு வினாவிற்கு மாற்றாக, மாணவர் தம் தெருவில் பெய்யும் மழை எவ்வழி எந்த ஆற்றைச் சேர்கிறது, இடையில் எங்கெங்கு மறிக்கப்படுகிறது, அதனால் எக்கருப்பொருள்கள் திரிகின்றன எனக் கண்டெழுதுமாறு கேட்டல் வேண்டும். அத்தகைய வினாவை வகுத்தற்குப் புவியியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒருங்கே அமர்தல் இன்றியமையாதது.