பலர் காக்கும் நிரல்

ஒரு சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தால், அதன்படி அதைச் சீரமைத்துத் தரும் மென்பொருள் பப்பெட். இதை லூக் கேனீஸ் 2005-இல் தொடங்கினார். என்ஜின்எக்ஸ், ராபிட்எம்க்யூ போன்ற சர்வர் மென்பொருள்களை அதன்வழி நிறுவிச் சீரமைக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல் தொகுப்பு எனப் பலர் மாட்யூல்கள் எழுதிப் பொதுவில் வைத்தார்கள். ஆனால் எழுதியவர் வேலை மாறினால் மாட்யூல் அநாதையாகிவிடும். பிறர் அனுப்பிய திருத்தங்கள் பார்ப்பாரின்றிக் கிடக்கும்.

அவற்றைத் தத்தெடுக்கவே வாக்ஸ் பப்புலி என்ற தன்னார்வலர் குழு உருவானது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மாட்யூல்கள் அதன் பொறுப்பில் உள்ளன.

இவர்கள் வேலையில் மிகவும் ரசிக்கத்தக்கது மாட்யூல்சிங்க் என்ற கருவி. சோதனை அமைப்புகள், நடைவிதிகள் போன்ற பொதுக் கோப்புகள் எல்லா மாட்யூல்களிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வார்ப்புருவை ஓரிடத்தில் திருத்தினால் போதும், அந்த மாற்றத்தை ஒவ்வொரு மாட்யூலுக்கும் கருவியே கொண்டுசேர்க்கிறது. சர்வர்களுக்குச் செய்யும் தானியங்கு வேலையைத் தங்கள் நிரல்களுக்கே செய்துகொண்ட அழகு இது! சோதனைகள் தானாக ஓடும். இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகே திருத்தம் சேரும். அலுப்பூட்டும் வேலைதான். அதைச் சம்பளமின்றி ஆண்டுக்கணக்கில் செய்வது பெரிய காரியம்.

இப்படிக் கூட்டாகப் பராமரிக்கும் பழக்கம் நெருக்கடியில் கைகொடுத்தது. பப்பெட்டை வாங்கியிருந்த பெர்ஃபோர்ஸ் நிறுவனம், இனிப் புதிய நிறுவல் தொகுப்புகளைப் பொதுவெளியில் தரப்போவதில்லை என 2024 நவம்பரில் அறிவித்தது. அதற்கு மாற்றாக 2025 ஜனவரியிலேயே வாக்ஸ் பப்புலி ஓபன்வாக்ஸ் என்ற பெயரில் தன் முதல் தொகுப்புகளை வெளியிட்டது.